ஒடனாக்கிலிருந்து வந்த மின்னஞ்சல்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
8 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி? அண்ணி தந்த எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது பூசுவதாகத் தலையாட்டுகிறீர்களா? நானும் உங்கள் மச்சான் டெனிஸ்டனும் சுகம். அவருக்கு விமானத் தொழிற்சாலையில் காலை வேலை. நான் எழும்ப முன்னமே போய்விடுகிறார்.

வாட்ஸ்அப்பில் கதைத்தால் இரண்டு வீட்டுச் சனமும் சுற்றி நிற்கிறது. ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. நீங்கள் கேட்டபடி இனி மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன்.

பெரிய புதினம் ஒன்று. பதினொரு வருடமாக நான்காம் வகுப்புக்குப் படிப்பித்த என்னை இந்த வருடம் வேறு வேலையில் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆசிரிய ஆலோசகர் என்பீர்களே, அது மாதிரி. பத்தொன்பது பாடசாலைகள், அறுபத்திரண்டு ஆசிரியர்கள். அவர்கள் அபெனாக்கி மக்களைப் பற்றிப் படித்து, விளங்கி, பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அபெனாக்கிகள் இந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒரு பகுதியினர். எங்கள் ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பெயரை உச்சரிக்கவே தெரியாது. எனக்கும் போன வருடம் தெரியாது.

மாதம் ஒருமுறை வாசிப்பு வட்டம். எதை வாசிப்பது என்று தீர்மானிப்பது நான்தான். கோடை முழுதும் நூலகத்தில் இருந்து ஒரு புத்தகத்தைத் தெரிந்தெடுத்தேன். நீல அட்டை, இலகுவான பிரெஞ்சு, அழகான படங்கள். எழுதியவர் தானும் ஓர் அபெனாக்கி என்று முன்னுரையிலேயே சொல்கிறார். அறுபத்திரண்டு பிரதிகள் வந்து இறங்கிவிட்டன. என் மேசையைச் சுற்றி நீலப் பெட்டிகள். உட்கார முடியவில்லை, எழும்பி எழும்பி நடக்கிறேன். சந்தோசம்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
பிரஷாந்தினி

---

வவுனியா
29 செப்ரெம்பர் 2024

அன்புத் தங்கை பிரஷாவுக்கு,

உன் கடிதம் கண்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் அப்படியேதான். எண்ணெய் பூசுகிறேன், அண்ணி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். உன் உடம்பைக் கவனி. உனக்கு எதிலாவது மனம் பிடித்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும்.

உன் வேலை பெரிய வேலை. ஒரு பிள்ளைக்குப் பிழையாகச் சொன்னால் ஒரு பிள்ளை கெடும். அறுபத்திரண்டு ஆசிரியருக்குச் சொல்லும்போது எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் பார். இருபத்தாறு வருடம் சரித்திரம் படிப்பித்தவன் என்பதால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்காதே. நீ அந்த மக்களில் யாரையாவது நேரில் கண்டாயா? அவர்களுடைய ஊர் உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

இங்கே மழை தொடங்கிவிட்டது. தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தக் கிடக்கின்றன.

அண்ணன்
குகநேசன்

---

பியர்பொன்ட்ஸ்
20 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எங்களுக்குக் குறையில்லை. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிவு, அவ்வளவுதான்.

பத்தாம் தேதி முதல் வட்டம் நடந்தது. அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள்! சென்ட் லோரன்ட் பாடசாலையில் படிப்பிக்கும் ஷெரோனைத் தெரியும்தானே, என்னோடு சேர்ந்து ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஒடனாக் என்ற அபெனாக்கி ஊரை இருநூற்றறுபத்தைந்து வருடங்களுக்கு முன் ஆங்கிலேயப் படை எரித்த கதையை வாசித்தபோது அவள் என் காதுக்குள், "எரிச்சுப்போட்டுப் போனாப்பிறகும் அதே இடத்திலயோ திரும்பக் கட்டினவை? எங்கட சனம் மாதிரியடி" என்றாள்.  

புத்தகத்தில் எல்லோருக்கும் பிடித்தது ஏழாம் அத்தியாயம். முதற்பனி விழும் நாளில் அபெனாக்கிப் பிள்ளைகள் பனியை உருக்கிய தண்ணீரில் கால் நனைத்து, ஆற்றுக்கு நன்றி சொல்லும் வழக்கம். எல்லா வகுப்புகளிலும் அதைச் செய்துபார்க்கலாம் என்று ஆசிரியர்களே தீர்மானித்தார்கள்.

நீங்கள் கேட்ட தூரம்: காரில் ஒன்றரை மணித்தியாலம். இன்னும் போகவில்லை. போனகிழமை ஒடனாக்கிலிருந்து ஜோசியான் என்று ஒரு பெண் மின்னஞ்சல் போட்டிருந்தார். புத்தகத்தைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார். ஆறுதலாக எழுதவேண்டும்.

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
பிரஷா

---

வவுனியா
10 நவம்பர் 2024

அன்பின் பிரஷா,

இங்கே எல்லோரும் சுகம். வயிற்றெரிவுக்கு வைத்தியரிடம் போனாயா? கோப்பியைக் குறை.

ஐம்பத்தெட்டுப் பேர் என்பது சின்ன விசயமில்லை. அந்த ஊரிலிருந்து ஒருவர் தானாகவே எழுதியிருக்கிறார் என்பது அதைவிட நல்ல செய்தி. என்ன கேட்டிருந்தார்? நீ என்ன பதில் போட்டாய்? எனக்கு அதை அறிய ஆவலாக இருக்கிறது.

அண்ணன்

---

பியர்பொன்ட்ஸ்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னியுங்கள். வெள்ளம் வந்தது என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் பக்கம் பாதிப்பில்லை என்று அண்ணி குரற்செய்தி அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது.

இங்கே முதற்பனி விழுந்து, பத்தொன்பது பாடசாலைகளிலும் அந்தக் கால் நனைக்கும் நிகழ்வு நடந்தது. பிளாஸ்ரிக் பேசின்களில் பிள்ளைகள் குளிரில் கத்திக்கொண்டு கால் வைக்கிற படங்களை எங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள். வேறு ஊர்களிலிருந்தும் ஆசிரியர்கள் பாராட்டி எழுதினார்கள். எங்கள் பொறுப்பாளருக்கு மிகவும் திருப்தி. மார்ச்சில் என்னை மூன்று வருடத்துக்கு நிரந்தரமாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நித்திரைதான் குறைவு. ஓர் இடத்தில் இருக்க முடிவதில்லை. சனிக்கிழமை கர்க்லாண்ட் வரை நடந்து போனேன், எதற்கென்று தெரியாது. திரும்பி வரப் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றேன். டெனிஸ்டன், "உனக்கு என்ன நடந்தது? வீட்டுக்குள்ள புலி மாதிரி சுத்துறாய்" என்கிறார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜோசியானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை கூடிப்போயிற்று, அண்ணை.

அடுத்த வட்டத்துக்கு ஆயத்தம் செய்யவேண்டும். பிள்ளைகளுக்கு நத்தார்ப் பண்டிகை வாழ்த்துச் சொல்லுங்கள்.

பிரஷா

---

வவுனியா
19 ஜனவரி 2025

அன்பின் தங்கைக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. நாங்கள் நலம். நீ நலமில்லை என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் முதல் நியமனம் காட்டோரத்தில் ஒரு சின்னப் பாடசாலை. அப்போது யாரோ அச்சடித்து விற்ற ஒரு வழிகாட்டிப் புத்தகம் எல்லா ஆசிரியர் கையிலும் இருந்தது. வேறு மொழியிலிருந்து அரைகுறையாகப் பெயர்த்தது. அதில் தமிழர் பொங்கலன்று வெள்ளை உடுத்து, கடலுக்குப் படகில் போய்ச் சூரியனைக் கும்பிடுவார்கள் என்று இருந்தது. வட்டாரச் சோதனைத் தாளிலும் அதே கேள்வி வரும். கடலையே காணாத எங்கள் பிள்ளைகள் அதைப் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்தார்கள்.

ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், நாங்கள் வீட்டு முத்தத்தில தானே பொங்குறம்?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோதனைக்கு இதை எழுது. வீட்டில அதைச் செய்" என்றேன். அவள் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் பாடத்தில் கேள்வி கேட்டதேயில்லை.

பிழை என்று தெரிந்துகொண்டு மூன்று வருடம் அதைப் படிப்பித்தேன். புதிய ஆசிரியன், வாய் திறந்தால் இடமாற்றம் வரும் என்று பயம். இதுவரை அண்ணிக்குக்கூடச் சொன்னதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
குகநேசன்

---

பியர்பொன்ட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள். நான் சுகமில்லை.

உங்கள் கடிதம் வந்து ஏழு கிழமை. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஜோசியானின் மின்னஞ்சல் ஒக்ரோபர் மூன்றாம் தேதி வந்தது. முதல் வட்டத்துக்கு ஒரு கிழமை முதல். பிறகு வந்ததாக உங்களுக்கு எழுதியது பொய். அவர் எதையும் கேட்கவுமில்லை, சொல்லியிருந்தார். அதை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்: "அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்களில் ஒருவர் அல்ல. உன் குடும்பம் எது என்று அவரிடம் எங்கள் ஊரில் கேட்டார்கள். பத்துத் தலைமுறைக்கு முந்திய ஒரு பெயரைச் சொன்னார், அந்தப் பெயரை இங்கே யாருக்கும் தெரியாது. கால் நனைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது அவர் தலையில் பிறந்தது. தயவுசெய்து இதைப் பாடசாலைகளுக்குள் கொண்டு போகாதீர்கள்."

நீலப் பெட்டிகள் என் மேசையைச் சுற்றி இருந்தன. ஒருவருடைய அபிப்பிராயம்தானே என்று நினைத்தேன். புத்தகத்துக்குப் பரிசுகூடக் கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன். வட்டம் முடியட்டும், முதற்பனி முடியட்டும், மார்ச்சில் நிரந்தரமாகட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. ஜோசியானின் மகளுக்கு ஏழு வயது. ஒடனாக்குக்கு வெளியே உள்ள ஒரு பாடசாலையில் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியை எங்கள் இணையப் பக்கத்தில் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார். நல்லெண்ணத்தோடுதான், வகுப்பில் பேசினை வைத்து, "நீதான் அபெனாக்கி, எப்படிச் செய்வது என்று இவர்களுக்குக் காட்டு" என்றாராம். பிள்ளைக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்து, "நீ உண்மையான அபெனாக்கி இல்லை" என்றார்களாம். வீட்டுக்கு வந்து தாயிடம், "அம்மா, நாங்கள் அதை ஏன் மறந்தோம்?" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குக் கீழே ஜோசியான் ஒரேயொரு வரி எழுதியிருந்தார். "இப்போது நான் அவளுக்கு என்ன சொல்ல?"

அதற்கும் நான் பதில் போடவில்லை. மூன்று நாள் கழித்து உங்களுக்கு வேலை கூட என்று எழுதினேன்.

பதினேழாம் தேதி நிரந்தர நியமனத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்.

பிரஷா

---

வவுனியா
10 மார்ச் 2025

தங்கச்சி,

இதைப் பாடசாலையிலிருந்து எழுதுகிறேன், சுகம் விசாரிக்க நேரமில்லை. முதலில் அந்தத் தாய்க்கு எழுது. விளக்கம் சொல்லாதே, அவர் சொன்னது சரி என்று மட்டும் எழுது. பிறகு அறுபத்திரண்டு பேருக்கும் நேரே நின்று சொல். கையெழுத்துக்கு முதல் சொல். பிறகு சொன்னால் அது வேறு.

அண்ணன்

---

பியர்பொன்ட்ஸ்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். புது உடுப்பு எடுத்தீர்களா? எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை, ஆனால் டெனிஸ்டன் இன்றைக்கு என்னை இருத்திச் சமைத்தார்.

சொல்லிவிட்டேன். ஜோசியானுக்கு அன்றைக்கே நான்கு வரி எழுதினேன். அடுத்த நாள் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "புத்தகத்தை அடுத்த வருடம் மெதுவாக மாற்றுவோம். இப்போது எதற்குச் சத்தம்?" என்றார். ஜோசியானின் முதல் மின்னஞ்சல் எனக்கு ஒக்ரோபரிலேயே வந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றவா என்று தெரியவில்லை.

மார்ச் பதின்மூன்றாம் தேதி வட்டம். ஜோசியானிடம் கேட்டு, "வாசியுங்கள்" என்று அவர் ஒரு சொல் மட்டும் அனுப்பிய பிறகு, இரண்டு மின்னஞ்சல்களையும் வாசித்தேன், வந்த தேதிகளோடு.  சிலர் புத்தகத்தை மூடி மேசையின் நடுவில் வைத்தார்கள். ஒருவர் எழும்பிப் போனார். இவ்வளவு அழகான அத்தியாயம் வீணாகிறதே என்று ஒரு வயதான ஆசிரியர் கவலைப்பட்டார், அவருக்கு நான் சொன்னது ஒன்றும் ஏறவில்லை.

ஷெரோன்தான் என்னை அடித்தாள், வார்த்தையால். எல்லோரும் போன பிறகு வாகனத் தரிப்பிடத்தில், "நீ பிழையான புத்தகம் எடுத்தது எனக்குக் கோபமில்லை. ஆருக்கும் வரும். ஆனா தெரிஞ்சுகொண்டு என்னைச் செய்ய விட்டனீயே? இருபத்துநாலு பிள்ளையளின்ர காலை என்ர கையால துடைச்சு விட்டனான். அதுகளுக்கு இப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். உண்மையைச் சொல்லு என்றேன். "அதை நீ எனக்கு அஞ்சு மாசம் முந்திச் சொல்லியிருக்கோணும்" என்று காருக்குள் ஏறிவிட்டாள். இன்றுவரை அழைப்பை எடுக்கவில்லை.

நியமனம் இல்லை. ஜூன் வரை இந்த மேசை, பிறகு வகுப்புக்குத் திரும்பவேண்டும். இணையப் பக்கத்திலிருந்த படங்கள் எடுக்கப்பட்டன. ஏன் எடுத்தோம் என்று நான் எழுதிய குறிப்பைப் போட மூன்று தடவை சண்டை பிடித்தேன். இப்போது அது இருக்கிறது.

ஜோசியானின் முழுப் பதில் நேற்றுத்தான் வந்தது. ஒரு மாதம் காக்க வைத்தார். நான் அவரை ஐந்து மாதம் காக்க வைத்தவள், கேட்க உரிமையில்லை. "மன்னிப்பு வேண்டாம். ஆசிரியர்களை இங்கே கூட்டி வாருங்கள். நான் பாடம் எடுக்கமாட்டேன், எனக்கு வேறு வேலை இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு எங்களைப் பற்றிச் சொல்வதை எனக்கு வாசித்துக் காட்டட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. 

தங்கை
பிரஷா

---

பியர்பொன்ட்ஸ்
1 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் முழங்காலுக்கு ஊசி போட்டதாக அண்ணி சொன்னாள். படி ஏறாதீர்கள். நாங்கள் இருவரும் சுகம்.

நேற்று ஒடனாக் போனோம். அறுபத்திரண்டு பேரில் பதினான்கு பேர், நான்கு கார்கள். என் காரில் இடமிருந்தும் ஷெரோன் வேறு காரில் வந்தாள். வந்தாளே, அது போதும்.

ஜோசியானுக்கு என் வயதிருக்கும். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறார். வீட்டில் புல் வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார், சப்பாத்தெல்லாம் பச்சை. ஊர் மண்டபத்தில் மடக்குக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, கோப்பிப் பாத்திரத்தை நடுவில் வைத்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், சிரிக்கவில்லை. "மகள் எப்படி?" என்று கேட்டேன். "வேறு பாடசாலை" என்றார். 

முதலில் என்னை வாசிக்கச் சொன்னார். மூன்று கிழமை வேலை செய்து நானே எழுதிய பாடம், அண்ணை. நீலப் புத்தகத்தின் ஒரு சொல்கூட அதில் இல்லை. அவர்களுடைய அருங்காட்சியகம் வெளியிட்டவற்றைத் தேடித் தேடிப் படித்து, ஒவ்வொரு தகவலையும் இரண்டு இடத்தில் சரிபார்த்தேன். இந்தமுறை பிழை இருக்காது என்று நிமிர்ந்து நின்று வாசித்தேன்.

"அபெனாக்கி மக்கள் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தார்கள்."

ஜோசியான் கையை உயர்த்தினார். "யார் செத்தது?"

எனக்கு விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். அவர் எழும்பி யன்னலைத் திறந்தார். வெளியே அவருடைய தெரு, அதில் நிற்கும் கார்கள், மரங்களுக்குப் பின்னால் ஆறு. "என் வீடு அதோ. இன்று காலைதான் புல் வெட்டினேன். உங்கள் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு நான் எங்கே போய்விட்டேன் என்று நினைப்பார்கள்?"

 பேனாவை எடுத்து அந்தச் சொல்லை வெட்டி, "வாழ்கிறார்கள்" என்று எழுதினேன்.  அடுத்த வரியில் "அவர்கள் மீன் பிடித்தார்கள்" என்றிருந்தது. வாசிக்கும்போதே "பிடிக்கிறார்கள்" என்று மாற்றினேன். "எல்லோருமா?" என்று கேட்டார். "எனக்கு மீன் ஒத்துவராது." யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், ஷெரோன். அப்போதுதான் ஜோசியானும் கொஞ்சம் சிரித்தார்.

ஒரு மணித்தியாலத்தில் ஏழு வாக்கியம் போனது. நான்கை வெட்டினோம். இரண்டைத் திருத்தினோம். ஒன்றைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது சரி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குனிந்து கோப்பி ஊற்றினேன்.

பிறகு அவர் வட்டத்தைப் பார்த்து, "அடுத்தவர்" என்றார். ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பேர் அந்த இடத்திலேயே அவசர அவசரமாக வெட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஷெரோன்தான் எழும்பினாள். வெட்டாமல், எழுதியதை எழுதியபடியே முதல் வரியை வாசித்தாள்.

இன்றைக்கு ஞாயிறு, டெனிஸ்டன் கடைக்குப் போகக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நான் மேசையை விட்டு எழும்பவில்லை. பதினொரு வருடமாக நான் வகுப்பில் பாவித்த, பூர்வகுடிகளைப் பற்றிய பாடக் குறிப்புகளை எடுத்து வைத்து, "வாழ்ந்தார்கள்", "செய்தார்கள்", "இருந்தார்கள்" எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பால் கோடு போடுகிறேன். நாற்பத்தொன்று வந்துவிட்டது. இன்னும் முதல் வருடக் குறிப்புகளையே முடிக்கவில்லை.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை
பிரஷாந்தினி